முடிச்சூர்ப் பிள்ளைகளின் உயரம்

ஹேமாவதி ஓர் அங்கன்வாடிக்குள் நுழைந்தால் முதலில் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், கரண்டியைப் பானையின் அடிவரைக்கும் விட்டு ஒருமுறை கிளறுவார். மேலே மிதக்கும் பருப்பு எல்லாப் பானையிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம் என்பார். அடுத்தது பிள்ளைகளின் நகங்கள். அதற்கடுத்தது கழிவறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது. பதிவேடுகள் கடைசியில்தான்.

இதையெல்லாம் நான் பார்க்க நேர்ந்தது அவருடைய வலது மணிக்கட்டு பிசகியதால். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவரும் அவர் கணவர் பாலுவும் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் படியில் வழுக்கி விழுந்து, கையில் கட்டோடு வந்து நின்றார். ஸ்கூட்டர் ஓட்ட முடியாது, ஆனால் இந்த வாரம் லீவு போடவே முடியாது என்றார். நான் மூன்றரை வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். ஓரிடத்தில் உட்காரவும் முடியாமல், அடுத்து என்ன என்றும் தெரியாமல் வீட்டில் எல்லோருடைய பொறுமையையும் சோதித்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஓட்டறேன்க்கா" என்றேன்.

பாலு அண்ணன் மாடிக் கைப்பிடியில் சாய்ந்தபடி, "யோசிச்சுக்கோ வித்யா. பின்னாடி உக்காந்துகினு உனக்கு டிரைவிங் கிளாஸ் எடுப்பா" என்றார்.

"நீங்க ஒழுங்கா ஓட்டியிருந்தா நான் ஏன் கிளாஸ் எடுக்கறேன்?" என்று அக்கா கீழிருந்தே பதில் சொன்னார்.

ஐம்பத்தாறு வயது, குள்ளமான உருவம், தோளில் ஒரு காக்கிப் பை. அவருக்கு ஏதோ அரசாங்க உத்தியோகம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எத்தனையோ நாடுகளில் எந்த அலுவலகத்தில் எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்று கற்றுக்கொண்ட நான், எங்கள் தெருக்கோடி அங்கன்வாடிக்கு யார் பொறுப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் நாள் காலையில் வேளச்சேரி சாலை நெரிசலில் நிற்கும்போது கேட்டேன். அக்கா என் தோளுக்கு மேலே பேசிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். அப்படிப்பட்ட இருபத்தைந்து மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். அதுதான் அவர். அவரைப்போல நாலைந்து பேருக்கு மேலே வட்டார அலுவலகத்தில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். அதற்கு மேலே மாவட்டம். அதற்கும் மேலே இயக்ககம்.

"மேல இருந்து கீழ வர்றது அரிசி, முட்டை, மெமோ. கீழ இருந்து மேல போறது எடை, உயரம். அவ்ளோதாம்மா டிபார்ட்மென்ட். லெஃப்ட்ல எடு, லெஃப்ட்ல எடு, பஸ் வருது."

இந்த வாரம் கீழே வந்திருந்தது ஒரு மெமோ. முடிச்சூரில் ஒரு மையத்தின் பணியாளர் கனகவல்லியின் பெயருக்கு அது வந்திருந்தது. ஏப்ரல் மாதம் வரை அந்த மையத்தில் எடை குறைந்த பிள்ளை என்று ஒருவர்கூட இல்லை. மே மாத விடுமுறை முடிந்து ஜூனில் அளந்தபோது இருபத்தாறு பேரில் பதினான்கு பேர் மஞ்சளிலும் சிவப்பிலும் விழுந்திருந்தார்கள். ஜூலையிலும் அதே கதை. ஆகஸ்டிலும் அதே.

பணியாளர் மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் உயரத்தையும் கைபேசிச் செயலியில் ஏற்றுவார். இந்த உயரத்துக்கு இந்த எடை போதுமா என்று செயலியே பார்த்து, போதும் என்றால் பச்சை, குறைவு என்றால் மஞ்சள், மிகக் குறைவு என்றால் சிவப்பு காட்டும். மாவட்ட அலுவலகத்தில் எண்களை யாரும் பார்ப்பதில்லை, நிறத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரே மையத்தில் திடீரென்று இத்தனை சிவப்பு வந்தால் அங்கே எழும் முதல் கேள்வி, பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதல்ல. முட்டையும் பருப்பும் எங்கே போகிறது என்பதுதான்.

ஏழு நாளில் கனகவல்லி விளக்கம் தரவேண்டும். அதே ஏழு நாளில் ஹேமாவதி விசாரித்து அறிக்கை தரவேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் கனகவல்லியை அந்த மையத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"அவங்க முட்டைய எடுத்திருப்பாங்கன்னு நினைக்கறீங்களாக்கா?"

"நான் நினைக்கறத ரிப்போர்ட்ல எழுத முடியாது" என்றார்.

முடிச்சூர் மையம் ஒரு சின்னக் கட்டடம். அந்தத் தெருவே ஒரு காலத்தில் ராஜகோபால் என்பவர் குடும்பத்தின் நெல்வயல். இப்போது அவருக்கு முடிச்சூர் சாலையில் டைல்ஸ் கடை. ஒவ்வொரு மழைக்கும் மையத்துக்குள் கணுக்கால் தண்ணீர் வருவதைப் பார்த்து, கோடை விடுமுறையில் தன் செலவிலேயே தரையைப் புதுப்பித்துக் கொடுத்திருந்தார். வாசலில் 'தரை உபயம்' என்று கருப்புக் கல்லில் அவர் குடும்பத்தார் பெயர். உள்ளே பளபளவென்று வெள்ளை டைல்ஸ். ஒரு சுவரில் ஆப்பிள், யானை, தேசியக்கொடி. எதிர்ச்சுவரில் கூரையைத் தொடுகிற மாதிரி ஒரு மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி. அதன் கழுத்தோரமாக உயரம் அளக்கும் கோடுகள். இரண்டு வருடம் முன்பு ஒரு கல்லூரி மாணவிகள் வரைந்து கொடுத்தது. அந்தத் தெருவில் மையத்தின் பெயரே 'ஒட்டகச்சிவிங்கி ஸ்கூல்'.

கனகவல்லிக்கு நாற்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"வாங்க மேடம். பானைய பாருங்க, நகத்த பாருங்க, எல்லாத்தையும் பாருங்க. நான் ஒரு முட்ட துன்னுருந்தா என் கையி வெளங்காது."

"சாபம்லாம் எதுக்கு கனகா? கரண்டி எங்க கீது?"

அக்கா கிளறினார். அடியில் பருப்பு நன்றாகவே இருந்தது. பிறகு தன் காக்கிப் பையிலிருந்து துணியில் சுற்றிய இரண்டு இரும்பு எடைக்கற்களை எடுத்தார். முத்திரை குத்தியவை, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. இவ்வளவு நேரம் என் முதுகை இடித்துக்கொண்டு வந்தது எது என்று அப்போது புரிந்தது. எடை இயந்திரத்தில் வைத்தார். நாலு கிலோ, துல்லியம். கற்களோடு ஒரு பிள்ளையை ஏற்றினார், கற்கள் இல்லாமல் ஏற்றினார். வித்தியாசம் சரியாக நாலு கிலோ.

"மெஷின் மேல தப்பு இல்ல" என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. மெஷின்மேல் தப்பு இருந்திருந்தால் அறிக்கை அன்றைக்கே முடிந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலை ஒன்பதிலிருந்து நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அரிசி அளப்பது, காய் நறுக்குவது, முட்டை வேகவைப்பது, தட்டில் விழுவது வரைக்கும் அக்கா கண்ணை எடுக்கவில்லை. பிள்ளைகள் தின்றார்கள். இரண்டாவது முறை கேட்டு வாங்கித் தின்றார்கள். ஒரு சிறுமி மட்டும் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாதியோடு தூங்கிப்போனாள். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இன்னும் பழகவில்லை என்றார் கனகவல்லி. மற்றவர்களைப் பார்த்தால் எனக்கு நோஞ்சான் என்றே தோன்றவில்லை. கன்னமும் தொடையுமாக, தரையில் சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க மேடம்" என்று கனகவல்லி நூறாவது முறை சொன்னார். "லீவுல நல்லா வளந்துட்டானுங்க. சரசரன்னு உயரம் ஏறிடுச்சு. அதான் ஒடம்பு வத்தின மாதிரி காட்டுதோ என்னமோ."

அக்கா பதிவேட்டைப் புரட்டி, "உங்க பிள்ளைங்க உயரம்லாம் பஞ்சாபி பிள்ளைங்க மாதிரி கீது கனகா. என்ன ஊத்தற?" என்றார். எல்லோரும் சிரித்தோம். உயரமாக இருக்கிறார்கள் என்பதற்காக எந்த அலுவலகமும் மெமோ அனுப்புவதில்லை.

அன்று மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அக்கா தன் கதையைச் சொன்னார். பொழிச்சலூரில் பிறந்தவர். விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் அவர் அப்பா வயலில் ஏர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாராம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்து மூன்று வயதில் பம்மலில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்தார். சேர்ந்து ஆறு வருடத்தில் அவருக்கும் ஒரு மெமோ வந்தது. சத்துமாவு மூட்டை குறைகிறது என்று யாரோ எழுதிப்போட்டுவிட்டார்கள்.

"விசாரிக்க ஒரு மேடம் வந்தாங்க. ரெஜிஸ்டர பாத்தாங்க, கையெழுத்து போட்டாங்க, போய்ட்டாங்க. மூட்டைய பிரிச்சு பாக்கல. பானைய எட்டி கூட பாக்கல. மூட்டைக்கு அடியில பெருச்சாளி ஓட்டை போட்டு வெச்சிருந்துச்சு. என்னைய தூக்கி ரெண்டு பஸ் மாறி போற இடத்துல போட்டாங்க. என் பொண்ணுக்கு அப்ப எட்டு மாசம். ரெண்டு வருஷம் இடுப்புல வெச்சுகினு போனேன்."

"நிரூபிக்க முடியலியா?"

"யார் கிட்ட? பெருச்சாளிக்கு மெமோ குடுப்பாங்களா?"

தூங்கும் பிள்ளைகளை எழுப்பிவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் வீடு வீடாகப் போனோம். அக்கா சமையலறைகளை எட்டிப்பார்த்தார். வயிற்றுப்போக்கு வந்ததா, பூச்சி மாத்திரை கொடுத்தார்களா, கோடையில் அம்மை போட்டதா என்று கேட்டார். எங்கும் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வீட்டில் அம்மா, "என் புள்ள குண்டா கீறான்னு மாமியார் கிண்டல் பண்ணுது, நீங்க என்னடான்னா இளைச்சுட்டான்றீங்க" என்று சண்டைக்கே வந்தாள். அந்தப் பையனின் பெயர் பட்டியலில் மஞ்சள்.

டைல்ஸ் கடை ராஜகோபாலையும் பார்த்தோம். மையத்தில் வேறு ஏதாவது நடக்கிறதா என்று ஊருக்குள் பேச்சு உண்டா எனக் கேட்பதற்கு.

"இன்னா மேடம் இப்புடி கேட்டுட்டீங்க? கனகா டீச்சரையா? கொத்தனார் ஒரு வேளை டீ கேட்டதுக்கு, புள்ளைங்க பால் பவுடர்ல போடமாட்டேன்னு கடையிலருந்து வாங்கியாந்து குடுத்துச்சு. வேலை நடக்கசொல்லோ பக்கத்துலயே நின்னுகினு ஒரே பேஜாரு. படத்து மேல ஒரு சொட்டு சிமெண்ட் படக்கூடாதாம். ஒட்டகச்சிவிங்கிக்கு பேப்பர் ஒட்டி, பிளாஸ்டிக் சுத்தி, புதுப் பொண்ணு மாதிரி வெச்சிருந்தோம்."

ஐந்தாம் நாள் அக்கா பேசாமல் வந்தார். ஓட்டுநர் வகுப்பு எடுக்கவில்லை. மேடவாக்கம் சாலையில் நான் தவறான பக்கத்தில் நுழைந்தபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டே நாள். காரணம் தெரியவில்லை என்று எழுதினால் கனகவல்லி திருடி என்றுதான் மாவட்டத்தில் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

செப்டம்பர் மாத அளவெடுப்பு அன்று. எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி அளந்து பார்ப்பதுதான் மீதமிருந்த வழி. அரசு கொடுத்த உயரமானி ஒன்று பரண்மேல் கிடந்தது, அதன் இணைப்பு உடைந்து ஒரு வருடமாயிற்று. அது நன்றாக இருந்த காலத்திலும் அதைக் கண்டாலே பிள்ளைகள் ஊசி போடுகிறார்கள் என்று அலறுவார்களாம். ஒட்டகச்சிவிங்கி என்றால் தாமாகவே ஓடிவந்து முதுகைச் சாய்த்து நிற்பார்கள். அதனால் சுவரில்தான் அளவு. கனகவல்லி மட்டுமில்லை, பரிசோதனைக்கு வரும்போது அக்காவும் அந்தச் சுவரில்தான் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

அன்று ஒட்டகச்சிவிங்கியும் உதவவில்லை. முட்டையோடு தூங்கிய அந்தச் சிறுமி, ஸ்நேகா, அருகிலேயே வரமாட்டேன் என்று தரையில் புரண்டு அழுதாள். அவள் குடும்பம் ஜூன் மாதம்தான் இந்தத் தெருவுக்கு வந்திருந்தது.

"இங்க பாரு" என்றார் அக்கா. "வலிக்குமா பாக்கலாமா? நான் நிக்கறேன். மொதல்ல எனக்கு. அப்புறம் உனக்கு."

செருப்பில்லாத காலோடு சுவரில் ஒட்டி நின்று, கட்டுப்போட்ட கையை மடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நேராகப் பார்த்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருவன், "குட்டி டீச்சர்" என்றான்.

"வித்யா, என் தலைக்கு மேல ஸ்கேல வெச்சு சொல்லு. சத்தமா சொல்லு, அவ கேக்கட்டும்."

"நூத்தி அம்பத்தஞ்சு."

"ஒழுங்கா பாத்து சொல்லும்மா."

"ஒழுங்காதான்க்கா பாக்கறேன். நூத்தி அம்பத்தஞ்சு."

அக்கா சுவரை விட்டு நகர்ந்தார். திரும்பி என் விரல் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நான் நூத்தி நாப்பத்தேழு. வேலைக்கு சேரசொல்லோ டாக்டர் சர்ட்டிபிகேட்ல எழுதுனது. கல்யாணம் ஆனதுலேருந்து அந்த மனுஷன் அத சொல்லித்தான் கிண்டல் பண்ணிகினு கீறாரு. நூத்தி நாப்பத்தேழு."

"கொண்டை உயரம்..." என்று ஆரம்பித்தேன்.

"கொண்டை பின்னாடிதானே கீது? அம்பத்தாறு வயசுல எட்டு சென்டிமீட்டர் வளர்றேனா நான்?"

அக்கா மெதுவாகக் கீழே குந்தினார். நானும் குந்தினேன். ஒட்டகச்சிவிங்கியின் கால்கள் டைல்ஸைத் தொடும் இடத்தைக் கையால் தடவினார். நீளமான மஞ்சள் கால்கள் அப்படியே நேராகத் தரைக்குள் இறங்கியிருந்தன. குளம்பு இல்லை. எண்கள் முழங்காலுக்கு மேலே ஐம்பதிலிருந்துதான் எழுதப்பட்டிருந்ததால் யார் கண்ணுக்கும் குறை தெரியவில்லை.

"கனகா, இதுக்கு கால்ல கருப்பா குளம்பு இருந்துச்சு இல்ல?"

"ஆமா மேடம். கீழ பச்சையா புல்லு கூட இருந்துச்சு."

"புல்லு எங்க?"

கனகவல்லி தரையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். தரை உயர்ந்ததால் கதவு இடிக்கிறது என்று அடியில் அறுத்து எடுத்திருந்தார்கள். அதைத் தினமும் திறந்து மூடுகிறவர் அவர். "ஐயோ" என்று தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தானே மேடம் படத்த காப்பாத்துனேன். அழிச்சு தொலைச்சிருந்தா புதுசா வரைஞ்சிருப்பாங்களே."

மழைநீருக்காகத் தரையை எட்டு சென்டிமீட்டர் தூக்கியிருந்தார்கள். ஒட்டகச்சிவிங்கி தூக்கப்படவில்லை. மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சுவரில் சாய்ந்த ஒவ்வொரு பிள்ளையும் எட்டு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தது. உயரம் ஏறியதும் அதற்கேற்ற எடை இல்லை என்று செயலி நிறத்தை மாற்றிக்கொண்டது. தின்ற முட்டையெல்லாம் பிள்ளைகளின் உடம்பில்தான் இருந்தது.

எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. அக்கா குதிக்கவில்லை. "கண்டுபிடிச்சா போதாது. வட்டார ஆபீஸ் மேடம் கண்ணால பாக்கணும்" என்றார்.

மறுநாள் காலை செம்பாக்கம் மையத்திலிருந்து நல்ல உயரமானி ஒன்றைக் கடன் வாங்கினோம். அந்த ஆளுயரக் கம்பத்தை அக்கா பின்னால் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார, நான் முடிச்சூர் வரை ஓட்டினேன். சிக்னலில் ஒருவர், "எந்தக் கோயில் திருவிழாம்மா?" என்று கேட்டார்.

வட்டார அலுவலர் ஆஷா பதினோரு மணிக்கு வந்தார். முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். போட்டித் தேர்வு எழுதி நேராக அலுவலரானவர். ஒட்டகச்சிவிங்கியின் கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிராமலே, "ஓ மை காட்" என்றார். பிறகு கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு அவரே உயரமானியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒவ்வொருத்தரா அனுப்புங்க."

நான் பழைய உயரங்களை வாசித்தேன். அக்கா எடை பார்த்தார், ஆஷா உயரம் பார்த்தார், கனகவல்லி செயலியில் ஏற்றினார். நூற்று மூன்று என்று இருந்தவன் தொண்ணூற்றைந்து. பச்சை. நூற்றொன்று, தொண்ணூற்று மூன்று. பச்சை. மாமியார் கிண்டல் செய்யும் பையன் பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் கனகவல்லி கைபேசியை ஆஷாவின் பக்கம் திருப்பிக் காட்டினார், யாரும் கேட்காமலே.

பட்டியலில் பத்துப் பேர் முடிந்ததும் ஆஷா எழுந்து அக்காவை ஜன்னலோரம் அழைத்துப் போனார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அக்காவின் அறிக்கை அவர் கையில் இருந்தது, முந்தின நாள் மாலை இடது கையால் எழுத முடியாமல் அக்கா சொல்லச்சொல்ல நான் எழுதியது.

"மேடம், இந்த லாஸ்ட் பாரா வேண்டாமே. 'ஜூலை மாதம் இம்மையத்தின் அளவுகளை நேரில் சரிபார்த்து ஒப்பமிட்டது நான்'னு எதுக்கு? ஃப்ளோர் ரெய்ஸ் பண்ணதால மெஷர்மென்ட் எர்ரர்னு மட்டும் குடுங்க. நான் ரெகமெண்ட் பண்ணி அனுப்பிடறேன். ப்ரமோஷன் பேனல்ல உங்க பேர் இருக்கு. இப்ப போய்..."

"அந்த பாரா இல்லன்னா மாவட்டத்துல என்ன கேப்பாங்க மேடம்?"

ஆஷா தாளைத் திருப்பி அந்தப் பாராவை மறுபடி படித்தார்.

"தரை ஒசந்தது பணியாளருக்கு தெரியாதான்னு கேப்பாங்க. தெரியும். அவ எதிர்லதான் போட்டாங்க. அப்ப தப்பு அவ மேலதான். இந்த மெமோ போய் இன்னொரு மெமோ வரும். நானும் அதே செவுத்துல அளந்து சரின்னு போட்டிருக்கேன்னு இருந்தாதான், இது ஒரு ஆளு தப்பு இல்லன்னு ஆவும்."

"உங்களுக்கு வரும் மேடம், எக்ஸ்ப்ளனேஷன்."

"வரட்டும். எனக்கு மெமோ புதுசா?"

ஆஷா பேனாவை எடுத்தார். அறிக்கையைச் சுவரில் வைத்து, அப்படியே பரிந்துரை எழுதி ஒப்பமிட்டார். திரும்பி, "கனகவல்லி, நீங்க இங்கயேதான் இருக்கப்போறீங்க. மெமோவ க்ளோஸ் பண்ண சொல்லி எழுதிட்டேன். மீதி நாலு பேர அளந்துடலாம்" என்றார். கனகவல்லி கும்பிட்டார்.

பதினொன்று பச்சை. பன்னிரண்டு பச்சை. பதின்மூன்று பச்சை.

கடைசியாக ஸ்நேகா. கனகவல்லியின் இடுப்பிலிருந்து அவளை இறக்குவதற்கே ஐந்து நிமிடம் ஆயிற்று. எடை ஒன்பது கிலோ இருநூறு. உயரம், தொண்ணூற்றாறு என்று எழுதியிருந்தது எண்பத்தெட்டு ஆனது. கனகவல்லி ஏற்றினார். கைபேசியைத் திருப்பிக் காட்டவில்லை.

"என்ன கலர்?" என்றார் ஆஷா.

"சிவப்பு மேடம்."

மறுபடி அளந்தார்கள். மறுபடி ஏற்றினார்கள். அதே சிவப்பு. ஏப்ரலில் அவள் இங்கே இல்லை. அவளுக்கு முன்னால் ஒரு பச்சை இருந்து பின்னால் சிவப்பானதில்லை. ஜூனில் வந்து சேர்ந்த அன்றே சிவப்பு. அந்த மாதம் பதினான்கு பேரும் ஒரே பட்டியலில் வந்ததால் எல்லோரையும் சேர்த்தே பார்த்தார்கள். அலுவலகம் பதினான்கு பேரின் நிறத்தையும் நம்பியது, கனகவல்லி பதினான்கு பேரின் நிறத்தையும் நம்பவில்லை. இருவரும் ஸ்நேகாவைத் தனியாகப் பார்க்கவில்லை. நானும் அவள் முட்டையோடு தூங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"எல்லாரும் நல்லாத்தான் கீறாங்கன்னு சொல்லிகினே இருந்தேனே" என்றார் கனகவல்லி. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அன்று மாலை ஆறரைக்கு அக்காவும் கனகவல்லியும் நானும் ஸ்நேகாவின் வீட்டு வாசலில் நின்றோம். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அவள் அம்மா தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் வேலை செய்கிறாள், அப்போதுதான் வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டைகூடக் கழற்றவில்லை. அக்கா உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு வார்டு இருக்கிறது, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து தங்கவேண்டும், சாப்பாடும் மருந்தும் அங்கேயே, ஆஷா மேடம் பேசிவிட்டார், நாளைக்கே இடம் இருக்கிறது.

அவள் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மாசா மாசம் அளந்தீங்களே டீச்சர். மூணு மாசமா. இன்னிக்கு வந்து சொல்றீங்க."

கனகவல்லி குனிந்துகொண்டார். அக்கா ஏதாவது அலுவலகத் தமிழில் சொல்வார், செயலி என்பார், தரை என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைச் சொல்லியிருக்கலாம், உண்மையும்கூட.

"ஆமா" என்றார் அக்கா. "தப்பா அளந்தோம். நானும்தான்."

அவள் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துத் தூசி தட்டினாள்.

"எத்தினி நாளு தங்கணும்?"

"பதினாலு நாள்."

"கம்பெனிக்கு லெட்டர் குடுப்பீங்களா? இல்லாங்காட்டி வேலைய வுட்டு தூக்கிடுவான்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவருடைய காக்கிப் பையிலிருந்து தாளை எடுத்து, தரையில் வைத்து, அவர் சொல்லச்சொல்ல எழுதத் தொடங்கினேன்.